போரில் இறந்த பெரிய தாத்தாவுக்கு வயலில் கல் நடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தாவின் அண்ணன், அன்றைய சேலம் ஜில்லாவில் தருமபுரிப் பக்கத்துக் கிராமத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர், 1942இல் 21 வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். இரண்டு மூன்று வருடத்தில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு போட்டோ, நட்சத்திர வடிவில் ஒரு மெடல், “பர்மாவுல குண்டு போட்டுச் செத்துப்போனார்” என்று பாட்டி சொன்ன ஒரு வரி. கிணற்று மேட்டில் அவருக்கு ஒரு கல் நடலாமா, அதில் என்ன எழுதுவது, எந்த நாளில் கும்பிடுவது என்று கேட்கிறீர்கள். “வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவருக்கு எதுக்குக் கல்லு” என்று உறவில் ஒருவர் கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். கேட்டது கல்லைப் பற்றி. ஆனால் உங்களைத் தயங்க வைப்பது வேறு என்று நினைக்கிறேன்: அவருக்கு என்ன ஆனது என்று வீட்டிலேயே யாருக்கும் சரியாகத் தெரியாதபோது கல்லில் எதை எழுதுவது? அதனால் அங்கிருந்து வருகிறேன்.

நான் ராணுவ ஆவணப் பிரிவில் 22 வருடம் எழுத்தராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு, இப்படித் தேடி வரும் குடும்பங்களுக்குப் பழைய பதிவுகளைப் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வரலாற்று ஆய்வாளன் இல்லை. ஒரு காகிதம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது பழக்கத்தில் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் அந்த மெடலை எடுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இதை ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், ஒரு குடும்பத்தில் பொங்கலுக்குப் பொங்கல் குத்துவிளக்கோடு சேர்த்து மெடலையும் புளி போட்டு விளக்கியிருந்தார்கள். எழுபது வருடப் பாசம் அது. என்னிடம் கொண்டுவந்தபோது பின்பக்கத்தில் பெயர் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. பூதக்கண்ணாடி வைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, எண்ணில் நான்கு இலக்கங்களை மட்டும் எடுக்க முடிந்தது. இந்தியப் படையினருக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பலவற்றின் பின்பக்கம் படை எண், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும். வட்டமான மெடல் என்றால் விளிம்பில் இருக்கும். மெல்லிய துணியால் தூசியை மட்டும் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெயரைவிட அந்த எண் முக்கியம். ஒரே பெயரில் ஐம்பது பேர் இருப்பார்கள், ஒரே பிரிவில் ஒரே எண் இரண்டு பேருக்கு இருக்காது.

அப்புறம் முன்பக்கம். நட்சத்திரம் என்றாலே பர்மா நட்சத்திரம் இல்லை. இரண்டாம் உலகப் போருக்கான நட்சத்திரங்கள் எல்லாமே ஆறு முனை கொண்டவை, ஒரே அச்சு. நடுவில் அரசரின் முத்திரையைச் சுற்றி ஆங்கிலத்தில் எழுதியிருப்பதுதான் வித்தியாசம்: பர்மா, ஆப்பிரிக்கா, இத்தாலி, பசிபிக், அல்லது வெறுமனே 1939-1945. நாடா மிச்சம் இருந்தால் அதுவும் சொல்லும். பர்மாவுக்கு நடுவில் அகலமான சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஓர் ஆரஞ்சுக் கோடு. மூன்று தலைமுறையாக “பர்மா பர்மா” என்று சொல்லிவந்த ஒரு வீட்டின் நட்சத்திரத்தில் இத்தாலி என்று இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மதராஸ் சாப்பர்கள், அதாவது படையின் பொறியியல் பிரிவினர், வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பாலம் கட்டி, கண்ணிவெடி எடுத்தவர்கள். அந்த மனிதரின் பெயர் இத்தாலியில் சாங்க்ரோ ஆற்றுப் பக்கத்துத் தகன நினைவுச்சின்னத்தில் இருந்தது. பாட்டி பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்துக் கிராமத்துக்குக் கடல் தாண்டிய சண்டை எல்லாம் பர்மாச் சண்டைதான்.

எண்ணோ பெயரோ கிடைத்ததும் தேட வேண்டிய இடம் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேடு. 1917இல் தொடங்கிய அமைப்பு. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பெயர்கள் அதில் உண்டு. இணையத்தில் காசில்லாமல் தேடலாம். இரண்டாம் போருக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. ஆகவே சண்டை ஓய்ந்த பிறகு 1946இல் ஆஸ்பத்திரியில் இறந்தவரும் அதில் இருப்பார். தேடும்போது பெயரின் எழுத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஆளெடுக்கும் இடத்தில் எழுதியவருக்குக் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் எழுதினார். முனுசாமி, மூனிசுவாமி ஆகியிருப்பார். பெருமாள், பெர்மல் ஆகியிருப்பார். ஐந்தாறு விதமாக எழுதிப் பாருங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் அப்பா பெயரையோ ஊர் பெயரையோ போட்டுத் தேடுங்கள். பல இந்தியப் பதிவுகளில் ‘இன்னாரின் மகன், இந்த ஊர், இந்த ஜில்லா’ என்ற ஒற்றை வரி இருக்கும். தருமபுரி 1965இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதனால் சேலம் என்றே தேட வேண்டும்.

பெயர் கிடைத்தால் அது எந்த நினைவுச்சின்னத்தில் இருக்கிறது என்பதும் கூடவே வரும். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கல்லறை இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். இந்துக்களும் சீக்கியர்களும் தகனம் செய்யப்பட்டதால் அவர்களுக்குப் பெரும்பாலும் தனிக் கல்லறை இல்லை, பலகையில் பெயர்தான். கோஹிமாவில் கல்லறைத் தோட்டத்தின் மேலே இருக்கும் தகன நினைவுச்சின்னத்தில் 917 பெயர்கள் உண்டு. பர்மாவில் இறந்து உடலே கிடைக்காதவர்கள் என்றால், யாங்கோனுக்கு வடக்கே தௌக்கியான் கல்லறைத் தோட்டத்துக்குள் நிற்கும் ரங்கூன் நினைவுச்சின்னம். கிட்டத்தட்ட 27,000 பெயர்கள், பிரிவு வாரியாக வரிசை வரிசையாக. தில்லி நினைவுச்சின்னம் என்று வந்தால், போர்முனைக்கு வெளியே, பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளேயே இறந்தார் என்று கொள்ளலாம். சிங்கப்பூர் கிராஞ்சி என்று வந்தால் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டவராக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கே பெயர் பொறித்திருக்கிறதோ அங்கேயே இறந்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தவறு.

ஒரு வேளை அவர் நேதாஜியின் படைக்குப் போயிருந்தால் இந்தப் பதிவேட்டில் அந்தப் பெயர் பெரும்பாலும் வராது. ஆனால் உங்கள் வீட்டில் பிரிட்டிஷ் அரசின் நட்சத்திரம் இருக்கிறது என்பதால் அந்த வழியை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம்.

இந்திய ராணுவத்தின் ஆவணப் பிரிவுகளுக்கும் எழுதிப் பாருங்கள். மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், சாப்பர் என்றால் பெங்களூரு. ஆனால் பெரிய எதிர்பார்ப்போடு எழுத வேண்டாம். தனிநபர் சேவை ஆவணங்களை ஒரு கால வரம்புக்குப் பிறகு அழித்துவிடுவது விதி. நிலைத்து நிற்பது லாங் ரோல் என்று நாங்கள் சொல்லும் பெரிய பேரேடு. எண், பெயர், சேர்ந்த நாள், நீங்கிய நாள் என்று ஒருவருக்கு ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகக் காத்திருப்பது வீண் இல்லை. உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் எந்தப் பிரிவுக்கு, எப்படி எழுதுவது என்று வழிகாட்டுவார்கள்.

இப்போது ‘குண்டு போட்டுச் செத்தார்’ என்பதற்கு வருகிறேன். உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கலாம். ஆணையத்தின் பதிவில் இறந்த தேதி இருக்கும், எப்படி இறந்தார் என்பது பொதுவாக இருக்காது. பர்மா முனையில் ஆட்களை அதிகம் சாய்த்தது குண்டு இல்லை. 1943இல் அங்கே காயத்துக்காக ஒருவரைப் பின்னால் அனுப்பினால் நோய்க்காக 120 பேரை அனுப்ப வேண்டியிருந்தது என்பது தளபதி ஸ்லிம் சொன்ன கணக்கு. மலேரியா, வயிற்றுப்போக்கு, ஆளை முடித்துவிடும் உண்ணிக் காய்ச்சல். அதனால் உங்கள் பெரிய தாத்தா ஒரு கூடாரத்துக் கட்டிலில் காய்ச்சலில் போயிருக்கலாம். சாலை போடும்போது மண் சரிந்து இறந்திருக்கலாம். பாட்டி சொன்னபடியே குண்டில் இறந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவர் போருக்குப் போனதால் இறந்தவர், அதில் ஏற்றத்தாழ்வு கிடையாது. என் யோசனை, கல்லில் ‘போர்ப்பணியில் இறந்தார்’ என்று எழுதுங்கள். அது எப்படிப் பார்த்தாலும் பொய்யாகாது.

தேதியிலும் இதே கவனம் வேண்டும். பதிவில் ஒரே நாள் இருந்தால் பெரும்பாலும் நம்பலாம். காணாமல் போனவர்களுக்கு மட்டும், கடைசியாகப் பார்த்த நாளையோ கணக்கு முடிக்க வைத்த ஒரு நாளையோ போட்டிருப்பார்கள். எந்த வகை என்று பதிவைப் பார்த்தே சொல்ல முடியாது. நம்பிக்கையான தேதி கிடைத்தால் அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தை வைத்து மாதம், பட்சம், திதி மூன்றையும் எடுத்துத் தருவார்கள். தேதி கிடைக்காவிட்டால் அமாவாசை இருக்கிறது: ஆடி, தை, மகாளயம். மகாளய பட்சத்தில் அமாவாசைக்கு முந்தின சதுர்த்தசியை, ஆயுதத்தால் இறந்தவர்களுக்கு என்று சஸ்திரஹத நாளாகப் பஞ்சாங்கத்தில் போட்டிருப்பார்கள். அதைச் சில குடும்பங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டில் திதி கொடுக்கும் வழக்கமே இல்லை, படையல்தான் என்றால் பொங்கலுக்கு மறுநாள் மாட்டைக் குளிப்பாட்டிய கையோடு கிணற்று மேட்டில் ஒரு இலை போடுங்கள். ஏர் ஓட்டியவருக்கு அதைவிடப் பொருத்தமான நாள் எனக்குத் தோன்றவில்லை.

சரி, கல். நடலாமா என்று கேட்கிறீர்கள். நடுங்கள் என்பதுதான் என் பதில், அதுவும் உங்கள் மண்ணில். தருமபுரி, செங்கம் பக்கமெல்லாம் நடுகல் நட்ட சீமை. பல்லவர் காலத்துக் கல்வெட்டுகளில் ஆள் பெயரைச் சொல்லி, எந்தச் சண்டையில் விழுந்தான் என்று சொல்லி, ‘பட்டான் கல்’ என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கற்களில் பலவற்றை இன்று வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். அதற்கும் முந்தையது, 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த சின்னக் கல். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னால் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் வெட்டியது. ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று அவ்வளவுதான் வாசகம். கூடலூரில் மாடுகளைக் கவரும் சண்டையில் இறந்த, பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனின் கல். ஆள் பெயர், ஊர், எதில் இறந்தான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு மாட்டுச் சண்டையில் விழுந்தவனின் பெயரை நாம் இன்று வாய்விட்டுப் படிக்க முடிகிறது.

இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பாருங்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் ஆங்கிலேய அரசு பல ஊர்களில் சின்னச் சலவைக்கல் பலகைகளைப் பதித்தது. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். எண்ணிக்கை மட்டும்தான், ஒரு பெயர்கூடக் கிடையாது. இராக்கில் இருக்கும் பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்துவிட்டு, இந்தியச் சிப்பாய்களை ரெஜிமெண்டுக்கு இத்தனை பேர் என்று தொகையாகப் போட்டார்கள். இப்படிச் சமமில்லாமல் நடந்ததை ஆணையமே 2021இல் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. இரண்டாம் போரில் நிலைமை மேல், சிப்பாய்க்கும் பெயர் உண்டு. ஆனாலும் ரங்கூன் நினைவுச்சின்னத்தின் நடுவில் வாசகத்தை ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி என்று ஐந்து எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். தமிழ் அதில் இல்லை. அத்தனை தமிழ்ப் பெயர்கள் அங்கே ஆங்கில எழுத்தில் நிற்கின்றன. உங்கள் பெரிய தாத்தாவின் பெயர் தமிழில் கல்லில் ஏற வேண்டுமென்றால் அது உங்கள் கிணற்று மேட்டில்தான் நடக்கும். நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியிருப்பேன்.

எழுத வேண்டியது அதிகம் இல்லை. பெயர், அப்பா பெயர், ஊர். அடுத்த வரியில் ‘விவசாயி’. அதற்குக் கீழே படை எண்ணும் பிரிவும், சேர்ந்த வருடம், இறந்த தேதி, பெயர் இருக்கும் நினைவுச்சின்னம். விவசாயி என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஆணையத்தின் பதிவில் சிப்பாய் என்று இருக்கும், சாப்பர் என்று இருக்கும், டிரைவர் என்று இருக்கும். அவர் 21 வருடம் யாராக இருந்தார் என்பது அதில் இருக்காது. சிப்பாயாக இருந்தது இரண்டு மூன்று வருடம்தான். தேடிச் சரிபார்த்தவற்றை மட்டும் கல்லில் ஏற்றுங்கள். வாய்மொழியாக வந்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள். போட்டோவின் பின்னாலும் பென்சிலால் பெயரை எழுதுங்கள். பெயர் எழுதாத போட்டோ இன்னும் ஒரு தலைமுறையில் யாரோ ஒரு பட்டாளத்துக்காரர் ஆகிவிடும்.

ஒரு குடும்பம் எனக்கு நான்கு கடிதங்களைக் காட்டியது. அவருக்கு எழுதத் தெரியாது, கூட இருந்தவர் யாரோ எழுதிக் கொடுத்தது. தணிக்கை உண்டு என்பதால் எங்கே இருக்கிறோம், என்ன சண்டை என்று ஒரு வார்த்தையும் இல்லை. நான்கிலும் “செவலைக்குக் கால் சரியாச்சா” என்று இருந்தது. மூன்றாவதில், மேலக்காட்டுக்குக் கம்பு போட வேண்டாம், மழை பார்த்துக் கேழ்வரகு போடுங்கள் என்று தம்பிக்குச் சொல்லியிருந்தார். நான்காவது எழுதிய ஆறாவது வாரம் அவர் இல்லை. அந்த வீட்டார் நட்ட கல்லில் மேலே ஒரு காளையைச் செதுக்கச் சொன்னார்கள். துப்பாக்கி வேண்டாம் என்றுவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு, கேட்கும் எல்லாரிடமும் நான் முதலில் விசாரிப்பது, அவர் எந்த நிலத்தை உழுதார், எந்த மரத்தை வைத்தார் என்பதைத்தான். உங்கள் வீட்டில் எண்பது தாண்டியவர்கள் யாராவது இருந்தால் இந்த மாதமே போய்க் கேளுங்கள். போர் பற்றிக் கேட்டால் தெரியாது என்பார்கள். மாடு பற்றிக் கேளுங்கள், கிணறு வெட்டியது பற்றிக் கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

உங்கள் உறவுக்காரரின் கேள்வி நியாயமில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். 1939இல் இந்தியா போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தபோது இந்தியத் தலைவர்கள் யாரையும் கேட்கவில்லை. ஆனால் படையில் சேர்ந்த 25 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அரசருக்காகத்தான் போனார்கள் என்று நினைப்பது தவறு. முதல் போருக்குப் பிறகு, தெற்கத்தியர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்ற எண்ணத்தில் மதராஸ் ரெஜிமெண்டையே படிப்படியாகக் கலைத்தவர்கள், ஆள் தேவைப்பட்டதும் 1940களின் தொடக்கத்தில் திரும்ப எழுப்பினார்கள். வானம் பார்த்த பூமியில் இரண்டாவது வருடமும் மழை பொய்த்த வீட்டுக்கு மாதாமாதம் வரும் மணியார்டர் என்ன என்பது தருமபுரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பெரிய தாத்தா ஏன் போனார் என்பது எனக்குத் தெரியாது, கடனா, கோபமா, ஊர் பார்க்கும் ஆசையா. கல் நடுவது போருக்கு இல்லை, அவருக்கு. அந்த 25 லட்சத்தில் சுமார் 87,000 பேர் திரும்பவில்லை. இந்த ஒருவரை நினைப்பதற்கு உங்கள் வீட்டை விட்டால் வேறு ஆள் கிடையாது. உறவுக்காரரிடம் இதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கல் நடும் அன்று அவரையே எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். மெடலின் பின்பக்கத்தையும், போட்டோவில் அவர் தோளிலும் தொப்பியிலும் இருக்கும் சின்னங்களையும் பகல் வெளிச்சத்தில் கிட்ட வைத்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள். எண்ணில் பாதி தெரிந்தாலும் பரவாயில்லை. அவருடைய அப்பா பெயரையும், ஊருக்கு அந்தக் காலத்தில் வேறு பெயர் இருந்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். எந்தப் பிரிவு என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்தால், எந்தப் பெயர் வடிவங்களில் தேட வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுத் தருகிறேன். கல் வெட்டுபவரிடம் அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.